காட்டுத் தெய்வமும் காட்டுக் காய்ச்சலும்

(புளியறைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது மரத்தைப் பற்றியாகும். சாமியைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு மரத்தோடு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். இந்த மலையடிவாரத்திலோ மரத்தைத் தொட்டால் சாமியையும் தொட்டே தீரவேண்டியிருக்கிறது.

செங்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த இவ்வூர் 1956 நவம்பர் 1-ந் தேதிக்கு முன் திருவிதாங்கூர் சீமையில் இருந்தது. அச்சீமையில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவற்றுக்கு ராஜ மரம் என்று பெயர். ஒரு குடியானவனுடைய சொந்தப் புஞ்சையில் தானாக முளைத்த தேக்கானாலும் அது சர்க்காருக்கே சொந்தம். அந்த ராஜ்யமோ 1750-லேயே பத்மநாபசாமிக்கு எழுதிவைக்கப்பட்ட ராஜ்யம்; ராஜா அவருக்கு தாசன். ஆகவே கணக்கு என்னவாயிற்று? மரம் சாமிக்கு, பணம் கஜானாவுக்கு, இலாபம் கூப்புக் காண்டிராக்டருக்கு, வெட்டுகிற கூலியாளுக்கோ அரை வயிற்றுக் கஞ்சி!

1904-ல் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு மலையைக் குடைந்துகொண்டு புனலூர், கொல்லம்வரை ரயில் போயிற்று. தண்டவாளத்துக்கு அடியில் போட சிலீப்பர் கட்டை வேண்டும். வண்டி செய்யப் பலகை வேண்டும். அந்தக் காலத்தில் ரயில் போன இடமெல்லாம் கோடரியும் கூடப் போயிற்று. மரம் வெட்டப் போனவர்களை மலைக்காய்ச்சல் பிடித்தது. குளிர் நடுக்கம், பிறகு அனல், பிறகு வேர்வை, மறுபடியும் குளிர். இதற்குச் சொன்ன காரணம் என்ன? "காட்டுத் தெய்வத்துக்குப் பூசை போடாமல் கை வைத்தான், அது அடித்துவிட்டது" என்பதுதான்.

தோழர்களே! சற்று யோசித்துப் பாருங்கள். மரத்தை வெட்டியதற்காக அந்தத் தெய்வத்துக்குக் கோபம் என்றால், வெட்டச் சொல்லி உத்தரவு போட்ட அதிகாரியை ஏன் அடிக்கவில்லை? மரத்தை விற்று மாடி வீடு கட்டியவனை ஏன் அடிக்கவில்லை? வயிற்றுக்காகக் கோடரி பிடித்தவனையும், அவனுக்குக் கஞ்சி கொண்டுபோன பெண்டாட்டியையும் தேடிப்பிடித்து அடிப்பதுதான் தெய்வமா? அப்படியானால் அதுவும் பணக்காரன் பக்கத்துத் தெய்வமேயல்லாமல் வேறென்ன?

உண்மை என்னவென்றால், 1897-ல் சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற டாக்டர் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்; மலேரியாக் கிருமி அங்கே இருந்தது. அடித்தது தெய்வமல்ல, கொசு! மாடி வீட்டுக்காரன் வலைக்குள் படுத்தான். கூலியாள் ஓடைக்கரையில் ஓலைக் குடிசையில் படுத்தான். வித்தியாசம் அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னாவும் ஒரு மரத்தின் பட்டைதான். தென்னமெரிக்கச் சிங்கோனா மரத்தை 1860-களில் நீலகிரியில் பயிரிட்டார்கள். பட்டையிலிருந்து மருந்தெடுக்க மனிதனுக்கு அறிவு வேண்டியிருந்தது, வேப்பிலைக்காரன் வேண்டியிருக்கவில்லை.

காடு வளர்ந்ததும் இப்படியே. 1840-களில் நிலம்பூரில் தேக்குத்தோட்டம் போட்டபோது விதை முளைக்கவில்லை. யாரும் தேங்காய் உடைத்து முளைக்கவைக்கவில்லை. சாத்து மேனோன் என்பவர் விதையையும் மண்ணையும் கவனித்து, முறையை மாற்றிப் பார்த்து, லட்சக்கணக்கில் கன்றுகளை வளர்த்துக் காட்டினார்.

"பெரியவர்கள் மூடர்களா?" என்று கேட்பீர்கள். அல்ல, அவர்களுக்குப் பூதக்கண்ணாடி கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. கிடைத்த பிறகும் கண்ணை மூடிக்கொள்வதுதான் மூடத்தனம். இன்றும் புளியறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறும் லாரிகளில் எலுமிச்சம்பழம் தொங்குகிறது. ஆனால் அந்தப் பழத்தை நம்பிப் பிரேக்கைப் பார்க்காமல் எந்த டிரைவராவது மலையிறங்குவாரா? உயிர் என்று வந்துவிட்டால் நீங்கள் எல்லோரும் பகுத்தறிவுவாதிகள்தான்!

அந்தப் புத்தியை வீட்டிலும் உபயோகியுங்கள் என்பதுதான் நம் வேண்டுகோள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு மூன்று நாள் காத்திராதீர்கள். அந்த மூன்று நாளில்தான் குழந்தை போய்விடுகிறது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். கொடைக்குப் பணம் கேட்டு வருகிறவரிடம், "எங்கள் தெருச் சாக்கடைக்கு என்ன செய்தீர்?" என்று கேளுங்கள். கேட்கத் தொடங்கிவிட்டால் மற்றது தானே நடக்கும்.