மருத்துவமனைக்கு முந்திய மருந்து
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் மருத்துவ நூல் முறையாகப் பயின்றவரல்லேம். பள்ளியில் இலக்கணம் கற்பிப்பதே எமது தொழில். ஆயினும், ஏதேனும் பயன்படும் பொருள்பற்றிப் பேசுக எனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, ஒருவர் தம் வீட்டில் நோயுற்று வீழ்தற்கும் மருத்துவமனை வாயிலை அடைதற்கும் இடைப்பட்ட சிறு பொழுதிற் பயன்படும் மருந்துகளைக் குறித்துக் கூறுதலே தக்கதெனத் துணிந்தேம். கூறுவன யாவும் மருத்துவரிடம் கேட்டனவும் நூல்களிற் கண்டனவுமேயாம்.

சென்ற ஐப்பசியில் எம் அண்டை வீட்டார் ஒருவர், ஐம்பது கடந்தவர், இரவு உண்டபின் நெஞ்சு இறுகுகின்றதென்றும் இடத்தோள் வலிக்கின்றதென்றும் கூறினார். வாயு என்று ஓமநீர் கொடுத்தனர். பின்பு சோடா வாங்கிவந்தனர். அதன்பின் தைலந் தேய்த்தனர். வேர்வை பெருகிற்று. மூன்று மணிநேரங் கழித்து மகனுடைய காரில் ஏற்றிச் சென்றனர். வழியிலேயே உயிர் பிரிந்தது. அவ்வீட்டு அலமாரியில், தலைவலிக்கென என்றோ வாங்கிய ஆஸ்பிரின் மாத்திரை ஓர் அட்டை கிடந்தது. அதனை உண்டிருப்பின் அவர் பிழைத்திருப்பார் என்று கூற எவராலும் இயலாது. ஆனால் அங்கு நிகழ்ந்த மூன்று உபசாரங்களினும் அதுவன்றோ பொருளுடையது?

ஏனெனின், இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் குழாயிற் படிந்த கொழுப்புத் திட்டு கிழியுங்கால், இரத்தத்திலுள்ள நுண்ணிய தட்டணுக்கள் அவ்விடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் குழாயை அடைக்கின்றன. அவ்வொட்டுதலைத் தடுப்பது ஆஸ்பிரின். 1899ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள பேயர் கம்பெனியார் இதனை வலிதீர்க்கும் மருந்தாகவே விற்கத் தொடங்கினர். இதன் மற்றொரு பெருமை 1988இல் வெளியான ஓர் ஆராய்ச்சியால் உறுதிப்பட்டது. மாரடைப்பென ஐயுற்று 24 மணிநேரத்திற்குள் மருத்துவமனை புகுந்த 17,187 பேரை ஆராய்ந்ததில், ஐந்து வாரங்களுள் இருதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தோர், ஆஸ்பிரின் பெறாதாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேரும், பெற்றாருள் 9 பேருமாவர். காசளவிற் சிறிய மாத்திரைக்கு இது சிறிய பயனன்று.

கொடுக்கும் முறையும் உண்டு. பெரியவர்க்கு 300 மில்லிகிராம் அளவு. 75 மில்லிகிராம் மாத்திரையாயின் நான்கு. விழுங்காது மென்று உண்ணல்வேண்டும். மென்றால் விரைவில் இரத்தத்திற் கலக்கும். அம்மருந்து ஒவ்வாதவர்க்கும், குடற்புண்ணால் இரத்தங் கசிவோர்க்கும் ஆகாது. மிக முக்கியமாக, வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, சொற்குழறி வீழ்ந்தவர்க்குக் கொடுத்தலே கூடாது. அவர்க்கு மூளையின் குழாய் அடைத்ததோ வெடித்ததோ என்பது படமெடுத்த பின்னரே தெரியும். வெடித்ததாயின் ஆஸ்பிரின் பகையாகும்.

நாவின்கீழ் வைக்கும் மாத்திரை ஒன்றுண்டு. தம் பொருட்டு வைத்திருப்பதை அன்பினால் அயலார் வாயில் இடுவோரையும் காண்கின்றோம். அது நைட்ரோகிளிசரின் என்னும் வெடிமருந்தின் இனத்தது. அவ்வெடிமருந்தைக்கொண்டு டைனமைட் செய்து செல்வரான நோபெல் என்பாருக்கே, முதுமையில் மருத்துவர் அதனை மருந்தாக விதித்தது ஒரு வேடிக்கை. அது குழாய்களை விரித்து வலி தணிக்கும். இரத்த அழுத்தத்தையும் வீழ்த்தும். ஆண்மைக் குறைவிற்கென விற்கும் மாத்திரை உண்டிருப்பார்க்கு (தாய்மார் பொறுத்தருள்க) அவ்வீழ்ச்சி உயிருக்கே ஆபத்தாகும். எனவே, அவரவர்க்கென மருத்துவர் விதித்திருந்தாலன்றி அதனைத் தொடற்க.

நீரிழிவுக்கு மருந்துண்பவர் திடீரென நடுங்கி வேர்த்துப் பிதற்றின், நினைவுள்ளபோதே மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துக் கொடுக்க. நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றற்க. அது மூச்சுக்குழலிற் புகும். இவர்க்கு நாளத்தின்வழிக் குளுக்கோஸ் ஏற்றுவதே முறை.

குளவி கொட்டியேனும் மருந்து ஒவ்வாமலேனும் உடல் தடித்து, தொண்டை வீங்கி, மூச்சு முட்டுமாயின், தினவு தணிக்கும் மாத்திரையை நம்பி இருத்தல் தவறு. அதற்குரியது அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்புறத் தசையில், பெரியவர்க்கு அரை மில்லிகிராம் அளவு இடுவர். சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பியிலிருந்து அதனைத் தூயதாகப் பிரித்துத் தக்காமினே என்னும் ஜப்பானியர் 1901இல் உலகிற்கு அறிவித்தார்.

இனி, உழவர் வீடுகளை அச்சுறுத்தும் பூச்சிமருந்தைப்பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். உறவினருள் இதனால் ஒருவரையேனும் இழவாத குடும்பம் நம்மிற் சிலவே என்று அஞ்சுகின்றோம். பாஸ்பரஸ் கலந்த அவ்வகை நஞ்சு உட்புகின் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும். எச்சிலும் வேர்வையும் வழியும். நுரையீரலில் நீர் நிறைந்து, நிலத்தில் இருந்தபடியே மூழ்குவார் போல மூச்சு நிற்கும். இதற்கு மாற்று அட்ரோபின். பெல்லடோனா என்னும் செடியிலிருந்து பெறப்பட்டது. உயிர்நூலை அறுக்கும் அட்ரோபாஸ் என்னும் கிரேக்கத் தெய்வத்தின் பெயரால் அச்செடியின் இனத்தை வழங்கினர். உயிரைக் கொல்லும் செடியாதலின். அப்பெயர் தாங்கிய மருந்தே இன்று உயிர்நூல் அறாமற் காக்கின்றது. முதல் ஊசி போதாதாயின், ஐந்து நிமிடத்திற்கொரு முறை அளவை இரட்டித்து, நெஞ்சு நீர் வற்றி மூச்சு தெளியுமளவும் ஏற்றுவர். நம்மூர் ஊமத்தையிலும் இவ்வினத்து நஞ்சே உளது என்பது கேட்டு, அதனை அரைத்துக் கொடுக்க முற்படுவாருளரேல் அவரைத் தடுக்க. அளவறியாத அட்ரோபின் தானே கொல்லும். உப்புநீர் புகட்டி வாந்தி வருவித்தலும் தீது. கையுறையேனும் பையேனும் அணிந்து, நஞ்சு தோய்ந்த உடையைக் களைந்து, சோப்பும் நீருங்கொண்டு உடலைக் கழுவுதலே வீட்டார் செய்யத்தக்கது.

சாலை விபத்தில் இரத்தம் பெருகுவார்க்குப் புண்ணைத் துணியால் அழுத்திப்பிடித்தலே முதற் சிகிச்சை. டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மருந்து, உறைந்த இரத்தம் கரையாமற் காக்கும். ஜப்பானில் ஒகாமோட்டோ தம்பதிகள் 1962இல் கண்டது இது. 2010இல் 20,000க்கு மேற்பட்டோரிடம் ஆராய்ந்து இதன் பயனைத் தெளிந்தனர். அடிபட்ட மூன்று மணிநேரத்திற்குள் கொடுப்பின் காக்கும். அதன்பின் கொடுப்பின் தீங்கே மிகும் என்பது 2011இல் புலனாயிற்று. ஒரே மருந்து நேரத்தால் நண்பனும் பகைவனும் ஆகும் தன்மை இதனினும் தெளிவாய் யாண்டும் கண்டிலேம்.

நிற்க. இவற்றுள் வீட்டிலிருத்தற்குரியன ஆஸ்பிரினும் சர்க்கரையுமே. ஏனைய ஊசிகள் பயிற்சி பெற்றார் கையில், ஆம்புலன்ஸ் வண்டியில் இருத்தற்குரியன. 108 என்னும் எண்ணில் அழைக்கும் அவ்வண்டி 2008ஆம் ஆண்டிலிருந்து நம் மாகாணத்தில் இலவசமாக ஓடுகின்றது. ஆயினும் நம் குடும்பங்களில் வசதியுள்ளோர் பலர் அதனை ஆதரவற்றோர் வண்டி என்றெண்ணி, தம் காரில் ஏற்றிச் செல்வதையே கௌரவமாகக் கருதுகின்றனர். இதனை யாம் ஒருபோதும் ஒப்போம். காரில் மெத்தை உண்டு. பிராணவாயு இல்லை, அட்ரோபின் இல்லை, அதனை இடுவாருமில்லை. வண்டி வருதற்கு நெடுநேரமாகும் என்று அழைத்தபோதே தெரியின், அப்பொழுது காரில் புறப்படுதல் வேறு. அழையாமலே புறப்படுதல் வேறு.

அழைக்குங்கால் ஊர், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது கடையின் பெயர் கூறி, தெருமுனைக்கு ஒருவரை அனுப்புக. நோயாளி நாடோறும் உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளை ஒரு பையிலிட்டு உடன் கொடுக்க. நஞ்சாயின் அப்புட்டியையும் கொடுக்க. நீங்கள் ஏதேனும் கொடுத்திருப்பின், அதன் பெயரையும் அளவையும், கடிகாரம் பார்த்துக் கொடுத்த மணியையும் ஒரு தாளில் எழுதி வண்டியில் வருவோரிடம் சேர்ப்பிக்க.