எச்சமும் முற்றும்

(மாகறலில் இயக்க அன்பர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

சேயாற்றங்கரையில் அமைந்த இம்மாகறல், திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற பழம்பெருமை வாய்ந்த ஊர். இவ்வூரில் மொழியைப் பற்றிப் பேசுக என்று என்னை அழைத்தீர்கள். மொழியைப் பற்றித்தான் பேசப் போகின்றேன். ஆயினும் இன்று இலக்கியத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கணினி இயங்கிக்கொண்டிருக்கும் பொழுது மின்னோட்டம் திடுமென நின்றுவிட்டால், அதனுள் எழுதப்பட்டவை எங்ஙனம் காக்கப்படுகின்றன என்பதையே எடுத்துக்கொண்டுள்ளேன்.

"தமிழ் பாட்டுக்கு உதவும்; பொறிக்கு உதவாது" என்பார் இன்னும் நம்மிடையே உளர். அவர்களோடு சொற்போர் புரிவதினும், அப்பொறியின் உள்ளே நிகழ்வதைத் தமிழிலேயே சொல்லிக் காட்டுவது மேலன்றோ?

2016-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் வீசியதை இம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டீர்கள். மரங்கள் சாய்ந்தன; கம்பங்கள் முறிந்தன; பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அந்நொடியில் எத்தனையோ கணினிகள் எழுதிக்கொண்டிருந்தவாறே அணைந்திருக்கும். மின்னோட்டம் மீண்டதும் அவற்றுட் பெரும்பாலானவை சிறிது நேரத்தில் எழுந்து நின்றன. இது தானாக நிகழ்ந்ததன்று. இதன் பின்னே ஓர் ஒழுங்கு இருக்கின்றது.

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆள்வது இயங்குதளம். அதன் நடுவே, வட்டையும் நினைவகத்தையும் பிறவற்றையும் நேரே கையாளும் பகுதியை ஆங்கிலவர் 'கெர்னல்' என்பர். கொட்டைக்குள் இருக்கும் பருப்புக்கு அவர்கள் மொழியில் வழங்கும் பெயர் அது. அவர்கள் தங்கள் வீட்டுச் சொல்லைத்தான் பொறிக்கு வைத்தார்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நாம் அதனைக் கருவகம் என்போம்.

கருவகம் வட்டினைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து வைத்துள்ளது. ஒரு கட்டம் பெரும்பாலும் 4,096 பைட்டு அளவினது. நீங்கள் ஒரு கோப்பின் இறுதியில் ஒரு பத்தி சேர்க்கின்றீர்கள் என்று கொள்வோம். அதற்கு ஒரு புதிய கட்டம் வேண்டியிருப்பின், கருவகம் மூன்று இடங்களில் எழுத வேண்டும். அப்பத்தியைப் புதிய கட்டத்தில் எழுத வேண்டும். அக்கோப்பின் நீளம் எவ்வளவு, அதன் கட்டங்கள் எங்கெங்கே உள்ளன என்று கூறும் விளக்கவோலையைத் திருத்த வேண்டும். எந்தக் கட்டம் வெற்றிடம், எது நிரம்பியது என்று காட்டும் இடப்பட்டியில் அக்கட்டத்தை நிரம்பியதாகக் குறிக்க வேண்டும்.

நமக்கு அது ஒரே வினை. வட்டுக்கோ மூன்று வினைகள். வட்டு அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுதும்.

இடையில் மின் நின்றால் என்னாகும்? இடப்பட்டி மட்டும் எழுதப்பட்டிருந்தால், அக்கட்டம் எவர்க்கும் உதவாமல் பாழாய்க் கிடக்கும். புதிய பத்தி மட்டும் எழுதப்பட்டிருந்தால், எழுத்து இருக்கும். அதனைச் சுட்டுவார் இரார். விளக்கவோலை மட்டும் எழுதப்பட்டிருந்தால் வரும் கேடு பெரிது. ஓலை சுட்டும் கட்டத்தில் பழைய குப்பை இருக்கும். இடப்பட்டியோ அக்கட்டத்தை வெற்றிடம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். நாளை அதே கட்டம் வேறொரு கோப்பிற்கும் வழங்கப்படும். ஒரே நிலத்தை இருவர்க்கு விற்றது போன்ற வழக்கு அது. ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு இரு கோப்புகளும் கெடும்.

முன்னாளில் இதற்கு ஒரு மருந்துதான் இருந்தது. கணினி மீண்டும் எழும்பொழுது வட்டிலுள்ள விளக்கவோலைகள் எல்லாவற்றையும் இடப்பட்டி முழுவதனோடும் ஒத்துப் பார்த்துப் பழுது நீக்குவது. 1993-இல் வெளிவந்த இலினக்சின் 'எக்சுட்டு-2' என்னும் கோப்பமைப்பு இம்முறையையே நம்பியிருந்தது. வட்டு சிறிதாக இருந்தவரை இது பொறுக்கத்தக்கது. வட்டு பெருகப் பெருக, இவ்வாய்வுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஒரு வரி எழுதும்பொழுது நேர்ந்த தடைக்காக ஊர்க்கணக்கு முழுவதையும் முதலிலிருந்து பார்ப்பது அறிவுடைய செயலாகுமா?

தோழர்களே! காஞ்சிப் பட்டுக் கடை ஒன்றில் கணக்கு எழுதுபவரை எண்ணிப் பாருங்கள். கொடுக்கல் வாங்கல் நிகழ நிகழ, அவர் முதலில் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொள்வார். பின்னர் ஓய்வு கிடைக்கும்பொழுது பேரேட்டைப் புரட்டி, அவரவர் பெயருள்ள பக்கத்தில் ஏற்றுவார். பேரேட்டில் ஏற்றும்பொழுது விளக்கு அணைந்தால் கவலையில்லை. குறிப்பேடு இருக்கின்றது, அதைப் பார்த்து மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கருவகம் செய்வதும் இதுவே! ஆங்கிலவர் இதற்கு வைத்த பெயரும் கணக்கியலில் வழங்கும் 'சர்னல்' என்பதே. அச்சொல்லுக்கு நம் பள்ளிக் கணக்குப்பதிவியல் நூல்கள் குறிப்பேடு என்று முன்பே பெயரிட்டுள்ளன. சொல் நம் கையில் இருந்தது; அதனைக் கணினிக்கு நாம்தான் கொண்டு செல்லவில்லை.

செயல்முறையைக் கேளுங்கள். வட்டில் ஒரு பகுதி குறிப்பேட்டிற்கென ஒதுக்கப்படும். அது வட்டமாகச் சுழலும் ஏடு. கடைசிப் பக்கம் முடிந்ததும் முதற்பக்கத்திற்குத் திரும்பும். கருவகம் செய்யவேண்டிய மாற்றங்கள் சிலவற்றை ஒரே வினைக்கட்டாகக் கட்டும். முதலில் "இன்னின்ன கட்டங்கள் மாறப் போகின்றன" என்னும் தலைப்புக் குறிப்பை எழுதும். அடுத்து, மாறிய விளக்கவோலை, இடப்பட்டி ஆகியவற்றின் முழுப் படிகளை எழுதும். இவையெல்லாம் வட்டில் உறுதியாகப் படிந்தபின்னரே, இறுதியில் "இவ்வினைக்கட்டு முற்றிற்று" என்னும் குறியை இடும். அதன் பின்னரே அவற்றை உரிய இடங்களில் ஏற்றும். ஏற்றி முடித்த பிறகு குறிப்பேட்டில் அவ்விடம் விடுவிக்கப்படும்.

இங்கே உயிர்நாடி வரிசை. வட்டு தன் வசதிக்காக, பின்னே எழுதச் சொன்னதை முன்னே எழுதிவிடக்கூடும். முற்றுக்குறி முந்திப் படிந்து படிகள் படியாமற் போனால், செய்யாத வினை செய்ததாகிவிடும். ஆகலின் கருவகம், "இதுவரை தந்தவற்றை உடனே உறுதியாக எழுதுக, அதன்பின் அடுத்ததைத் தொடுக" என்று வட்டுக்கு ஆணையிடுகின்றது. 2008-ஆம் ஆண்டு இறுதியில் நிலைபேறுற்ற 'எக்சுட்டு-4' அமைப்பில், எழுத்துகளைக் கூட்டிக் கண்ட சரிபார்ப்புத் தொகையையும் உடன் எழுதி வைக்கும் வழி உண்டு. தொகை ஒத்துவரவில்லையெனில் அவ்வினைக்கட்டை ஏற்காமல் விடலாம்.

மின் மீண்டதும் கருவகம் குறிப்பேட்டை மட்டும் படிக்கும். முற்றுக்குறி உள்ள வினைக்கட்டுகளை மீண்டும் ஏற்றும். முன்பே ஏற்றப்பட்டதை மறுபடி ஏற்றினாலும் தீங்கில்லை. முழுப்படியை அதே இடத்தில் மீண்டும் வைப்பதால் எதுவும் மாறாது. முற்றுக்குறி இல்லாததை நிகழாததாகவே தள்ளிவிடும். அரைகுறைக்கு அங்கே இடமில்லை.

தமிழ் கற்றவர்களே! இவ்விடத்தில் உங்களுக்கு ஒன்று நினைவுக்கு வரவில்லையா? 'எழுதி' என்றால் எச்சம். 'எழுதினான்' என்றால் முற்று. எச்சம் எத்தனை அடுக்கினாலும் முற்று வராதவரை தொடர் முடிவதில்லை. "நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி, அளந்து" என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவன், "என்ன செய்தாய்?" என்றுதான் கேட்பான். கருவகம் குறிப்பேட்டைப் பார்த்துக் கேட்பதும் அக்கேள்வியையே. முற்றிய வினைக்கட்டு வினைமுற்று, முற்றாதது வினையெச்சம். இதனினும் தெளிவாக இக்கருத்தை ஆங்கிலத்தில் சொல்ல இயலுமோ, அறியேன்!

நான் மிகைபடக் கூறவில்லை. நம் முன்னோர் கணினி கண்டனர் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது நம்மை நாமே எள்ளி நகையாடுவதாகும். இதனைக் கண்டவர்கள் வேறு. 1990-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் ஏ.ஐ.எக்சு இயங்குதளத்தில் குறிப்பேடு கொண்ட கோப்பமைப்பைத் தந்தது. இலினக்சுக்கு இதனைச் செய்யும் வகையை 1998-இல் இசுடீபன் துவீடி என்பார் கட்டுரையாக எழுதினார். 2001-இல் அது 'எக்சுட்டு-3' என்னும் பெயரில் கருவகத்தில் சேர்ந்தது.

ஆயினும் இவ்வரலாற்றிற்கு அணுக்கமாகத் தமிழ்நாட்டவர் ஒருவரும் நிற்கின்றார். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற சி. மோகன், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியபொழுது, தம் உடன் ஆய்வாளர்களோடு 1992-இல் 'ஏரீசு' என்னும் மீட்புமுறையை வெளியிட்டார். அது கோப்பமைப்பிற்கன்று, தரவுத்தளங்களுக்கு உரியது. முன்னே எழுதிப் பின்னே செய்க என்னும் நெறி அவர்க்கு முன்பே இருந்தது. விபத்திற்குப் பின் நடந்தவற்றை அவ்வாறே திரும்ப நடத்தி, அதன்பின் முற்றாதவற்றை மட்டும் விலக்குவது அவர்கள் முறையின் சிறப்பு. உலகெங்கும் கணினி மாணவர் இதனைப் படிக்கின்றனர். தமிழ்நாட்டு மாணவனும் படிக்கின்றான், ஆங்கிலத்தில் படிக்கின்றான்! இது அவ்வறிஞர் குறையன்று. அதனைத் தமிழில் எழுதிவைக்காத நம் குறை.

குறிப்பேட்டின் எல்லையையும் சொல்லிவிடல் வேண்டும். பொதுவழக்கில் அது விளக்கவோலை, இடப்பட்டி போன்ற அமைப்பைக் காக்கின்றதேயன்றி, நீங்கள் எழுதிய எழுத்தையெல்லாம் படியெடுத்து வைப்பதில்லை. எழுத்தை அதன் இடத்தில் முதலில் எழுதி, அதன்பின் ஓலைக்கு முற்றுக்குறி இடும், அவ்வளவே. எழுத்தையும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதும் முறையும் உண்டு. அது இருமுறை எழுதுவதாகலின் விரைவு குறையும். மேலும், கருவகம் பெரும்பாலும் 5 நொடிக்கு ஒருமுறையே வினைக்கட்டை முற்றுவிக்கின்றது. அவ்விடைவெளியில் நினைவகத்தில் மட்டும் இருந்தது மின்னோடு போய்விடும். வட்டே உடைந்தால் குறிப்பேடும் உடன் அழியும். ஆகலின் உங்கள் ஊர்ப் பாடல்களையும் ஆவணங்களையும் கணினியில் ஏற்றுவோர், வேறொரு வட்டில் படி எடுத்து, வேறொரு வீட்டில் வைக்க மறவாதீர்கள்.

இங்கிருந்து தொலைவிலில்லாத உத்தரமேரூரை நினையுங்கள். முதற் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்குள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக வாரியத்தார் தேர்ந்தெடுக்கப்பட்ட முறையை அவை கூறுகின்றன. வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயரெழுதப்படத் தகுதியற்றவர் என்கின்றது அவ்விதி. பணி செய்தால் போதாது. கணக்கை ஒப்படைத்து முற்றுவித்தல் வேண்டும் என்று கல்லில் எழுதிய மண் இது.

அவ்விதியை இன்று நம்மேலேயே செலுத்திப் பார்ப்போம். தனித்தமிழ் இயக்கம் 1916-இல் மறைமலையடிகளால் தொடங்கப்பெற்றது. நூற்றாண்டு கடந்தும் நம் பணிகளுள் எத்தனை முற்று? எத்தனை எச்சம்? கலைச்சொல் ஆக்குகின்றோம், பட்டியலில் அடுக்குகின்றோம், அத்தோடு நின்றுவிடுகின்றோம். பட்டியல் குறிப்பேடுதான், பேரேடு அன்று. அச்சொல்லைக் கொண்டு ஒரு பாடம் எழுதி, அப்பாடத்தை ஒரு சிறுவன் படித்துப் பொருள் கொண்டானென்றால், அன்றுதான் அச்சொல்லுக்கு முற்றுக்குறி விழுகின்றது.

முற்றுவித்ததற்கும் நம்மிடம் சான்றுண்டு. 1974-இல் மொழிஞாயிறு பாவாணரை இயக்குநராகக் கொண்டு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கிற்று. 1981-இல் அவர் மறைந்தார். விளக்கு அணைந்தது, ஆனால் எழுதிவைத்தவை இருந்தன. 1985-இல் முதற்பகுதி வெளிவந்தது. பின்வந்தவர்கள் தொடர்ந்து உழைத்து 2011-இல் அதனை நிறைவு செய்தனர். ஒருவர் எழுதி வைத்ததைக் கொண்டு மற்றவர் முடித்தார் என்பதே அதன் வரலாறு.

இளைஞர்களே! 2011 முதல் அரசு பள்ளி மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியது. இன்று ஏறத்தாழ எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கின்றது. ஆண்டிராய்டு கைப்பேசிக்குள் இயங்குவதும் இலினக்சுக் கருவகமே. அதன் மூலநிரலை எவரும் விலையின்றிப் பெற்றுப் படிக்கலாம். குறிப்பேட்டுப் பகுதி அதில் தனியாகவே எழுதப்பட்டுள்ளது. பூட்டு இல்லாத அந்த வீட்டிற்குள் நுழையத் தமிழன் ஏன் தயங்க வேண்டும்?

உங்களிடம் நான் பொருள் கேட்கவில்லை, முழக்கம் கேட்கவில்லை. கருவகத்தின் ஒரு சிறுபகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதனை நன்கு கற்றுத் தமிழில் நான்கு பக்கம் எழுதுங்கள். எழுதியதை இவ்வூர்ச் சிறுவர்க்குப் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு விளங்கவில்லையெனில், எச்சமென்று தள்ளித் திரும்ப எழுதுங்கள். விளங்கிற்றெனில் அடியில் முற்றும் என்று எழுதிக் கையொப்பமிடுங்கள்.

அந்த ஒரு சொல்லை எழுதும் உரிமையை உழைத்துப் பெறுவோம். வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!