எழுதியவர் வீட்டில் அடுப்பு எரியுமா?

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"இளைஞரும் இலக்கியமும்" என்ற தலைப்பிலே பேசும்படி காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டிருந்தார்கள். அத் தலைப்பில் இச் சபையிலே பலர் பலமுறை பேசியாயிற்று. ஆகையால், அவருடைய அனுமதியோடு, தலைப்பைச் சற்றே கீழே இறக்கி, அரிசி பருப்புக் கணக்குக்கு அருகிலே வைக்க விரும்புகிறோம். ஒருவர் தாம் எழுதியதைத் தாமே விற்று, அந்த வருமானத்தால் ஜீவனம் நடத்த முடியுமா? இதுதான் நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

இக் கேள்வி நாம் செய்த ஒரு பிழையினால் எமக்கு வந்தது. அதை முதலிலே சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் மற்றவற்றைப் பேசினால் வாய் கூசும்.

சென்ற வருடத் திருவிழாவின்போது, நமது பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த வயதான கவிஞர் ஒருவர் தோளிலே பையோடு வந்தார். தொண்ணூற்றாறு பக்கப் புத்தகம். விலை எண்ணூறு ரூபா. நாம் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்தோம், தேநீர் கொடுத்தோம், "ஐயா, சங்க நூலகத்துக்கு ஒரு பிரதி அன்பளிப்பாகத் தாருங்கள்" என்று கேட்டோம். அவர் கையொப்பமிட்டுக் கொடுத்தார். ஒருவரும் காசு கொடுத்து வாங்கவில்லை. பிறகு புத்தகத்தைப் படித்துப் பார்த்தபோது, உண்மையிலேயே நல்ல கவிதைகள். சர்வகலாசாலையில் படிக்கும் நண்பர்கள் எல்லோரும் கேட்டார்கள். நாம் என்ன செய்தோம்? நிழற்பிரதி எடுக்கும் கடைக்குக் கொண்டுபோய்ப் பதினான்கு பிரதி எடுத்துக் கம்பி கட்டினோம். ஒரு பிரதிக்கு அறுநூறு ரூபா. ஆக எண்ணாயிரத்து நானூறு ரூபாவைக் கடைக்காரரிடம் எண்ணிக் கொடுத்தோம்.

பேராதனைச் சர்வகலாசாலையை ஊடறுத்துச் செல்லும் பாதைக்குக் கலஹா வீதி என்றே பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாதையால் வரும் கலஹா பஸ்ஸிலே ஒரு மாலை நாம் அந்த நிழற்பிரதியைப் படித்துக்கொண்டு வந்தோம். பின் ஆசனத்திலிருந்து ஒரு குரல், "தம்பி, அது நம்ம புத்தகமாச்சே" என்றது. திரும்பினால் அவர்தான். கோபமே இல்லை, அதுதான் எம்மைச் சுட்டது. "எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னோம். "என்கிட்ட இன்னும் நூற்றெண்பது புத்தகம் கட்டுப் பிரிக்காம கெடக்கு தம்பி. கேட்டிருந்தா அறுநூறுக்கே குடுத்திருப்பேனே" என்றார்.

அவருடைய எழுத்தினாலே அந்த மாதம் ஜீவனம் நடத்தியவர் நிழற்பிரதிக் கடைக்காரர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தார்.

அன்றிரவு நாம் ஒரு கணக்குப் போட்டோம். முந்நூறு பிரதி அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். நமது நாட்டிலே தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் முந்நூறு, ஐந்நூறு என்றுதான் அச்சாகிறது. ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு ஐந்நூறு ரூபா, விலை ஆயிரம் ரூபா என்போம். முந்நூறையும் கையாலேயே விற்று, ஒன்றைக்கூட இனாமாகக் கொடுக்காமல், கடைக்காரருக்குக் கழிவும் கொடுக்காமல் இருந்தால், கையில் நிற்பது ஒன்றரை லட்சம். ஒரு புத்தகம் எழுத ஒரு வருடமென்றால் மாதம் பன்னீராயிரத்து ஐந்நூறு. 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கிலே பார்த்தால், ஒரு மாதம் முழுவதும் எழுதியவருடைய வருமானம் ஒன்பது நாட் கொழுந்துக்குச் சற்றே மேல். வாங்குபவர் பக்கமும் பாருங்கள்: அந்தப் புத்தகத்தின் விலை ஒரு தாயாருடைய முக்கால் நாள் வேலை. லயத்திலே வாங்கவில்லையே என்று நாம் எவரைக் கோபிப்பது?

ஆகவேதான் மலைநாட்டின் பெரிய எழுத்தாளர்கள் எவரும் எழுத்தை நம்பி உலை வைக்கவில்லை. ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தொழிற்சங்கத்திலே உழைத்தார். 1947இல் பாராளுமன்றத்துக்கும் தெரிவானார். "ஒரு கூடைக் கொழுந்து" எழுதிய என். எஸ். எம். இராமையா அவர்கள் கொழும்பிலே இரும்புக் கடையொன்றில் கணக்கெழுதினார். தெளிவத்தை ஜோசப் அவர்களும் ஒரு நிறுவனத்திலே கணக்காளர்தான். அவருக்கு 2013இல் தமிழ்நாட்டிலிருந்து விஷ்ணுபுரம் விருது வந்தது. கணக்கு வேலையும் மலையக இலக்கியமும் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டன என்று எவராவது ஆராயலாம். ஒருவேளை, இரண்டிலும் வரவு குறைவு என்பதை முன்னமே அறிந்தவர்கள் போலும்.

தமிழ்நாட்டிலே ஜெயகாந்தன் போல எழுத்தையே தொழிலாகக் கொண்டு நின்றவர்கள் உண்டு. அங்கே லட்சக்கணக்கான வாசகரைக் கொண்ட வாரப் பத்திரிகைகள் அவர்களைத் தாங்கின. நமது சிறிய தீவிலே அப்படியான சந்தை இருந்ததில்லை.

ஆனால் விற்றே தீருவேன் என்று புறப்பட்ட ஒருவர் நமது நாட்டிலேயே இருந்தார். யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா அவர்களைச் சொல்லுகிறோம். 1927இல் பிறந்தார்; இளம் வயதிலேயே படிப்பை விட்டுச் சிகையலங்கார நிலையத்திலே தொழில் செய்தார். சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டவர். அவருடைய "தண்ணீரும் கண்ணீரும்" என்ற சிறுகதைத் தொகுதி 1960ஆம் ஆண்டுக்கான சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. பரிசு பெற்ற எழுத்தாளர் பொன்னாடையைப் போர்த்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். அவரோ 1966 ஆகஸ்டிலே "மல்லிகை" என்ற மாத சஞ்சிகையைத் தொடங்கினார். அதைத் தாமே சுமந்துகொண்டு, யாழ்ப்பாணத் தெருக்களிலே நடந்து நடந்து, கைக்குக் கை விற்றார். பத்திராதிபரும் அவர்தான், விற்பனையாளரும் அவர்தான். ஒரு வருடம், இரண்டு வருடமல்ல. யுத்தம் வந்து, யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் காகிதத்துக்குத் தவித்து, பிறகு அவரே கொழும்புக்கு இடம்பெயர்ந்து, 2012 வரையில் நானூறுக்கு மேற்பட்ட இதழ்கள்! அட்டையிலே எழுத்தாளர்களின் படத்தைப் போட்டார். மல்லிகைப் பந்தல் என்ற பெயரில் பிறருடைய புத்தகங்களையும் வெளியிட்டார். 2021 ஜனவரியில் மறையும் வரையும் அவரை எல்லோரும் "மல்லிகை ஜீவா" என்றே அழைத்தார்கள்.

அவருக்கு எங்கிருந்து இந்தத் துணிவு வந்தது? எமது ஊகம் ஒன்று உண்டு; பெரியவர்கள் திருத்தலாம். சிகையலங்காரத் தொழிலிலே, வேலை முடிந்ததும் எதிரில் நிற்பவரிடம் கை நீட்டிக் காசு வாங்குவது வெட்கமல்ல. செய்த வேலைக்குக் கூலி. படித்த வர்க்கத்தாருக்கு அது வெட்கமாயிருக்கிறது. நாம் எழுதியதற்குக் காசு கேட்டால் நமது புலமைக்கு இழுக்கென்று நினைக்கிறோம். அவருக்கு அந்த நோய் இல்லை.

இங்கே ஒரு பெரியவர் நமது வாயை அடைப்பார். முன்பும் ஒருமுறை அடைத்திருக்கிறார். "வித்தியாதானம் என்பது நமது சமயம் சொன்னது, கலைமகளைக் கூடையில் வைத்து விற்பதா?" என்று கேட்டார். மரியாதையோடு ஒன்றைச் சொல்ல அனுமதி கேட்கிறோம். நமது கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வர கோஷ்டியை அழைக்கிறோம். முற்பணம் கொடுக்காமல் அவர்கள் வண்டி ஏறுவதில்லை, ஏறவும் கூடாது. கோபுரத்துக்குப் பொம்மை செய்த சிற்பியார் கூலி வாங்கினார். குருக்களுக்குத் தட்சிணை உண்டு. சோடனைக்காரருக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு, எல்லோருக்கும் உண்டு. விழா மலருக்கு வாழ்த்துப்பா எழுதிக் கொடுத்த கவிஞருக்கு மட்டும் பொன்னாடை. பொன்னாடையை அரிசிக் கடையிலே கொடுத்தால் அரிசி அளந்து கொடுப்பார்களா?

நாம் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். அங்கே சிறு சிறு சமயப் பிரசுரங்களை இனாமாகக் கொடுப்பார்கள். வாங்கிய பிள்ளைகளில் பலர் அதிலே அம்பு செய்து விட்டதையும் பார்த்திருக்கிறோம். யாழ்ப்பாணத்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் மிஷனரிமார் பிரசுரங்களை இப்படித்தான் பரப்பினார்கள். ஆறுமுக நாவலர் அவர்கள், மிஷன் பாடசாலையிலே படித்து, பேர்சிவல் பாதிரியாரோடு வேலையும் செய்தவர், 1848இல் அந்தச் சம்பளத்தைத் துறந்தார். 1849இல் சென்னப்பட்டணம் போய் அச்சியந்திரம் கொண்டுவந்தார். தாமே எழுதினார், தாமே பதிப்பித்தார். நாவலர் பெருமான் பிரமசாரி. குடும்பப் பாரம் இல்லை. அவரைக் காட்டி, பிள்ளை குட்டிக்காரரான எழுத்தாளரிடம் "நீங்களும் தியாகம் செய்யுங்கள்" என்று சொல்வது நியாயமாகாது.

நமது மலைநாட்டுக்கே வருவோம். தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்திலே, கோ. நடேசய்யர் அவர்கள் புடவை வியாபாரியைப் போல வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்றார் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிலே பாடினார். தொழிலாளரின் நிலையைப் பாட்டாக்கி அச்சிட்டார். அந்த வழியிலேதான் பாட்டுப் புத்தகக்காரர்கள் வந்தார்கள். ஒரே தாளை மடித்த நாலு பக்கம், எட்டுப் பக்கம். சம்பள நாளன்று தோட்டத்து வாசலிலே, திருவிழாவிலே, ரயிலிலே நின்று பாடுவார்கள். எங்கள் தாத்தா ஐந்து சதம், பத்துச் சதம் கொடுத்து வாங்கியதாகச் சொல்லுவார். அவருக்கு வாசிக்கத் தெரியாது! "பாட்டு மனசுல நின்னுச்சு, தாளு பொட்டியில கெடந்துச்சு" என்பார். வாசிக்கத் தெரியாதவரும் வாங்கினார் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். முதலிலே பாடிக் காட்டினார்கள். சம்பளம் கையில் இருக்கும் நாளிலே வந்தார்கள். விலையைச் சட்டைப் பையிலிருக்கும் சில்லறைக்குள் வைத்தார்கள். அவர்கள் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் அடுத்த தோட்டத்துக்குப் போகும் வழிச் செலவு கிடைத்தது.

தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்திலே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1883இல் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியது. கொழுந்து பறிக்க ஒருவர், நிறுக்க ஒருவர், ஸ்டோரிலே அரைக்க ஒருவர், லொறிக்கு ஒருவர், ருசி பார்க்க ஒருவர், ஏலம் கூற ஒருவர். நமது கவிஞருடைய தோட்டத்திலோ இத்தனை பேரும் அவர் ஒருவரே. பறித்து, அரைத்து, மூட்டை கட்டி, தோளிலே சுமந்து திருவிழாவுக்கு வந்தார். நாம் அதையும் "மாதிரிக்கு ஒரு பொட்டலம்" என்று இனாமாக வாங்கிக்கொண்டோம்.

வெளியீட்டு விழாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதற் பிரதி, சிறப்புப் பிரதி என்று அழைக்க, கனவான்கள் மேடையேறி உறையைக் கொடுத்துப் புத்தகத்தைப் பெறுகிறார்கள். அந்தப் புத்தகங்கள் பல, கட்டிய நாடா அவிழாமலே அலுமாரிக்குப் போகின்றன. இளைஞர்கள் இதைக் கேலி பேசுவது வழக்கம், நாமும் பேசியிருக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்த பின்பு அந்தக் கேலி குறைந்துவிட்டது. அந்த உறைகள் இல்லையென்றால் அச்சகத்துக் கடன் தீராது. எனினும் உறை கொடுத்தவர் ஆதரவாளர், வாசகர் வேறு. ஆதரவாளர் ஐம்பது பேர் கடனைத் தீர்ப்பார்கள். அடுத்த புத்தகத்தை எழுதச் சொல்லிக் கேட்பவர் வாசகர்தான்.

எழுதி வாழ முடியுமா என்று கேட்டால், நமது மக்கள் தொகைக்கும் வருமானத்துக்கும், தனியே புத்தகத்தால் முடியாது என்பதுதான் எமது எண்ணம். இதிலே நண்பர்களை ஏமாற்ற விருப்பமில்லை. நமது சங்கத்திலேயே ஒரு தம்பி வேலையை விட்டுவிட்டு எழுதப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய தாயார் இந்தச் சபையில் இருக்கிறார். தம்பி, வேலையை விடாதீர்கள்; எழுத்தையும் விடாதீர்கள். அம்மா, அவர் இரவிலே விளக்கெரிய வைத்து எழுதினால் மின்சாரக் கட்டணத்தைச் சொல்லி ஏசாதீர்கள்.

ஆனால் ஜீவனம் முழுவதும் கிடைக்காது என்பதற்காக, கிடைக்க வேண்டிய எண்ணூறு ரூபாவையும் கொடாமல் விடலாமா? நமது ஆண்டு மலரையே பாருங்கள். கடைக்கார முதலாளிமாரின் விளம்பரத்தால் அச்சாகி, எல்லோருக்கும் இனாமாகப் போகிறது. எழுதியவர்களுக்கு இரண்டு பிரதி. இம் முறை மலருக்குச் சிறு விலை வைத்து, வரும் பணத்திலே எழுதியவர்களுக்கு ஒரு சிறு தொகையாவது கொடுக்கலாமென்று செயற்குழுவிலே கேட்டோம். "எவர் வாங்குவார்?" என்றார்கள். அது நியாயமான கேள்வி. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில், நிழற்பிரதி எடுத்த பதினான்கு பேரும் பணம் சேர்த்து, சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கவிஞருடைய லயத்துக்குப் போனோம். பதினான்கு பிரதிக்கும் முழு விலையைக் கொடுத்தோம். அவர் நூறு ரூபா வீதம் கழித்துத் தர முயன்றார், நாம் வாங்கவில்லை. திரும்பும்போது இன்னும் இருபது பிரதிகளைச் சுமந்து வந்தோம். அவை அதோ, வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன. விலை எண்ணூறு ரூபா. ஆயிரம் ரூபாத் தாளாகக் கொடுப்பவர்களுக்கு மீதி கொடுக்கப் பொருளாளர் சில்லறையோடு உட்கார்ந்திருக்கிறார்.