காயலான் கடைக்குப் போகாத கார்

(மும்பை செம்பூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் இதே மேடையில் விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தைப் பற்றி அருமையான உபன்யாசம் கேட்டோம். அதற்கு முந்தைய கூட்டத்தில் ஒரு டாக்டர் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். இந்த இரண்டுக்கும் பக்கத்தில் வைக்கிற மாதிரி என்னிடம் விஷயம் ஒன்றும் இல்லை என்று செயலாளரிடம் சொன்னேன். "அந்த ஃபியட் எஞ்சினைப் பத்திப் பேசுங்கோ, போதும். பாதிப் பேர் அதைத்தான் விசாரிச்சுண்டிருக்கா" என்றார். ஆகவே புண்ணியமும் கிடைக்காமல், முழங்கால் வலியும் தீராமல் அரை மணி நேரம் போய்விட்டால் அதற்குப் பொறுப்பு அவர்தான்.

வண்டி 1968-ஆம் வருஷத்து ஃபியட் 1100 டிலைட். குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் பிறந்தது. இங்கே முன்வரிசையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பின்வரிசைக் குழந்தைகளுக்காகச் சொல்கிறேன்: இதன் பிற்கால அவதாரம்தான் பிரீமியர் பத்மினி. கறுப்பும் மஞ்சளுமாக மும்பை முழுக்க ஓடிய டாக்சி. எஞ்சின் 1089 சி.சி. சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75 மில்லிமீட்டர். இந்த அளவு இத்தாலியில் ஃபியட் கம்பெனி 1937-இல் கொண்டுவந்த ஒரு காரிலிருந்தே வருகிறது. ஹிட்லர் யுத்தத்துக்கு முன்னால் போட்ட கணக்கு, பத்மினி தயாரிப்பு நிற்கும் வரைக்கும் மாறவில்லை. எனக்கு அதுவே பெரிய உபகாரமாக முடிந்தது. பிறகு சொல்கிறேன்.

என் தகப்பனார் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். காருக்கென்று தனி டயரி வைத்திருந்தார். எத்தனை லிட்டர் பெட்ரோல், எத்தனாவது மைலில் எண்ணெய் மாற்றியது, எல்லாம் அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் இருக்கும். 1974-இல் எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு பூனா, கோலாப்பூர், பெங்களூர் வழியாகக் கும்பகோணம் போனதற்கு அதில் ஒரு பக்கக் கணக்கு. இட்லி செலவு உள்பட.

அவர் 1999-இல் காலமானார். நான் பரோடாவில் உத்தியோகம். வண்டி எங்கள் சொஸைட்டி காம்பவுண்டில் தார்ப்பாய்க்குள் நின்றது. 2005 ஜூலை 26 உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஸாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. எங்கள் காம்பவுண்டில் தண்ணீர் பானெட் வரைக்கும் ஏறி, மறுநாள்தான் வடிந்தது. அதற்கப்புறம் பதினாறு வருஷம் யாரும் அந்தப் பானெட்டைத் திறக்கவில்லை.

2021-இல் ரிடயர் ஆகி செம்பூருக்குத் திரும்பினேன். மறு வருஷம் கட்டிடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போவது என்று தீர்மானமாகி, கமிட்டியிலிருந்து நோட்டீஸ் வந்தது. 2024 மார்ச் 31-க்குள் காம்பவுண்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குமேல் நிற்கிற வாகனங்கள் கிரேனில் போகும் என்று. அம்மாவுக்கு அப்போது 85 வயது. நோட்டீஸைப் படித்துவிட்டு, "அந்த வண்டி கிரேன்ல தொங்கிண்டு போறதை நான் பார்க்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு இருந்த அவகாசம் ஒன்றரை வருஷம்.

பழைய காரைக் கையில் எடுத்தால் இனாமாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று, அபிப்பிராயம். முதலில் வந்த மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்து, எஞ்சின் ஜாம், செத்துப் போன பசுவைக் கறக்க முடியுமா என்றார். பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பெரிய கடைக்காரர், வெளிநாட்டு வண்டி என்றால் கொண்டு வாருங்கள் என்று ஃபோனை வைத்தார். பெங்களூரில் இருக்கும் என் தம்பி கூகிளில் பார்த்து, இந்தச் செலவுக்கு நல்ல செகண்ட் ஹாண்ட் ஆல்டோவே வாங்கலாம் என்றான். காயலான் கடைக்காரர் டயரைக் காலால் ஒரு எத்து எத்தி, பதினாலாயிரம் என்றார். என் அகத்துக்காரி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள், "ஏன்னா, ஹால்ல எண்ணெய்க் கறை படாம பார்த்துக்கோங்கோ" என்றாள். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு யோசனை கொஞ்சம் நியாயமானது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏதாவது டீசல் எஞ்சினைப் பொருத்திவிடு என்றார்கள். பல ஃபியட்டும் அம்பாஸடரும் அப்படித்தான் பிழைத்தன. ஆனால் எஞ்சின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. அதை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு தனி யாத்திரை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டியை 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் தினப்படி ஓட்ட முடியாது. நான் அதற்குப் போகவில்லை, வழக்கமான முறையிலேயே புதுப்பித்தேன். இருந்தாலும் பிற்பாடு யாராவது போக நினைத்தால், வேறு எஞ்சின் பொருத்தியிருந்தால் அந்த வாசல் சாத்தினதுதான். அதெல்லாம் இருக்கட்டும். அப்பா டயரியில் முப்பது வருஷம் எண்ணெய் ஊற்றிய எஞ்சின் இது. வேறு ஒன்றைப் பொருத்தி அதை அவருடைய வண்டி என்று அம்மாவிடம் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

குர்லாவில் ஒரு மிஸ்திரியைப் பிடித்தேன். உத்தரப் பிரதேசத்துக்காரர், எழுபது வயது, வாழ்நாள் பூராவும் பத்மினி டாக்சிகளையே பார்த்தவர். அவரும் முதலில் தலையை ஆட்டினார். ஆனால் மற்றவர்கள் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: "பெஹலே நாப் லோ ஸாப், ரோனா பாத் மே." முதலில் அளந்து பார், அழுவது அப்புறம் என்று. நான் முப்பத்தைந்து வருஷம் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன், அளப்பதுதான் என் ஜீவனம். இவரோடு ஒத்துப்போகும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

எஞ்சினை இறக்கினோம். ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி, டீசலும் ஏ.டி.எஃப். எண்ணெயும் கலந்து நாலு சிலிண்டரிலும் விட்டு ஊறப் போட்டோம். தினம் காலையில் ஃப்ளைவீலை ஒரு கம்பியால் இப்படியும் அப்படியும் நெம்புவது என் வேலை. சந்தியாவந்தனம் முடித்ததும் அதுதான். பதினோராம் நாள் ஒரு நூல் அளவு அசைந்தது. ஆனால் முழுச்சுற்று வரவில்லை. ஹெட்டைக் கழற்றினால், ஒன்றும் மூன்றும் ஓரளவு சுத்தம். இரண்டும் நாலும் சிவப்புத் துரு. இதற்குக் காரணம் உண்டு. நாலு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பொதுவாக இரண்டு சிலிண்டர்களில் வால்வுகள் மூடியிருக்கும். மற்ற இரண்டில், ஒன்றில் இன்லெட் வால்வும் இன்னொன்றில் எக்ஸாஸ்ட் வால்வும் திறந்தபடி நிற்கும். வெள்ளம் திறந்த கதவைப் பார்த்துத்தானே நுழையும்! அந்த இரண்டு பிஸ்டன்களும் மரக்கட்டையை வைத்துத் தட்டியபோது உடைந்துதான் வெளியே வந்தன.

அளந்தோம். ஒரு சிலிண்டரில் மேலே, நடுவே, கீழே. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசை. ஆக நாலு சிலிண்டருக்கு 24 அளவு. ஏற்கனவே விட்டம் 68.4 இருந்தது. டயரியைப் புரட்டினால், 1981-இல் 0.4 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டதாக அப்பா எழுதியிருக்கிறார், ரசீது நம்பரோடு. துருக்குழி 0.6 மில்லிமீட்டர் ஆழம். அதை முழுக்க வழித்து எடுத்தால் விட்டம் இன்னும் 1.2 கூடி 69.6 ஆகும். அந்த அளவுக்குப் பிஸ்டன் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. இங்கேதான் பலரும் கையை விரிப்பார்கள். மிஸ்திரி, "லைனர்" என்றார். சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, உள்ளே புது வார்ப்பிரும்புக் குழாயை இறுக்கி, அதை மறுபடி 68-க்குக் கடைவது. அப்படிச் செய்தால் புத்தம் புது ஸ்டாண்டர்ட் பிஸ்டனே போதும்.

கடைவதற்கு முன்னால் சுவர் தாங்குமா என்று தெரிய வேண்டும். பழைய சகா ஒருவரிடமிருந்து அல்ட்ராசோனிக் கனமானி வாங்கிவந்து, சிலிண்டருக்குள்ளிருந்து வாட்டர் ஜாக்கெட் வரைக்கும் உள்ள இரும்பின் கனத்தைப் புள்ளி புள்ளியாகக் குறித்தேன். இடம் இருந்தது. விரிசல் இருக்கிறதா என்று சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பவுடர் அடித்துப் பார்த்தோம். விரிசல் இருந்தால் குங்குமக் கோடு மாதிரி தெரியும். பிளாக்கில் ஒரு கோடும் இல்லை. செத்த பசு என்று சொன்ன புண்ணியவானை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஹெட் வேறு ஜாதி. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். குழாய்த் தண்ணீரையே ரேடியேட்டருக்கு ஊற்றி ஊற்றி, தண்ணீர் துவாரங்களைச் சுற்றி அலுமினியத்தைக் கரையான் மாதிரி அரித்திருந்தது. மிஸ்திரியின் உதவிப் பையன் பிளாக்கோடு சேர்த்து ஹெட்டையும் கொதிக்கிற காஸ்டிக் ஸோடாத் தொட்டியில் இறக்கப் போனான். நல்லவேளை, நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். காஸ்டிக் ஸோடா இரும்பைச் சுத்தம் செய்யும், அலுமினியத்தைத் தின்றுவிடும். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. அரித்த இடங்களை ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பி, மட்டமாக க்ரைண்ட் செய்து, ஓரத்தில் ஃபீலர் கேஜ் நுழையாத வரைக்கும் விடவில்லை. வால்வுகளைப் பேஸ்ட் வைத்துக் கையால் தேய்த்தது நானே. எட்டு வால்வு, நாலு நாள். என் அகத்துக்காரி அரைத்த இட்லி மாவு மட்டும்தான் அதைவிட நைஸ்.

சாமான்களுக்காக சோர் பஜாரும் குர்லாவும் அலைந்தேன். அப்போதுதான் அந்த மாறாத 68-க்கு 75-இன் மகிமை தெரிந்தது. டாக்சிகளுக்காகச் செய்து வைத்த பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் இந்த 1968 வண்டிக்கும் சேர்ந்தது. ஆனால் கடைக்காரர்கள் சரக்கை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். மும்பையில் கடைசிப் பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபர் 29-ஆம் தேதி. டாக்சிக்கு 20 வருஷம் ஆயுசு. 2023 அக்டோபர் 30 முதல் அவை தெருவில் இல்லை. அந்த வாரம் மிஸ்திரியின் கடைக்குப் போனேன். ரேடியோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். "ஸாப், இப்போ என்னிடம் இருக்கிற ஃபியட் உங்களுடையது ஒன்றுதான்" என்றார். அன்று வேலை நடக்கவில்லை, டீ மட்டும் குடித்தோம். அதுவரை கிரேனுக்குப் பயந்து அவரை நான் விரட்டிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு அவர்தான் என்னை விரட்டினார்.

கிராங்க் ஷாஃப்டை 0.25 கிரைண்ட் செய்து அதற்கேற்ற பேரிங் போட்டோம். பிஸ்டன் ரிங்குகளின் வாய் இடைவெளி 0.25-க்கும் 0.30-க்கும் நடுவில் வரும்படி ஒவ்வொன்றாக அரம் போட்டேன். லைனர் உள்சுவரில் ஹோனிங் செய்தபோது விழுந்த குறுக்குக் கோடுகள் மார்கழிக் கோலம் மாதிரி இருந்தன. எண்ணெய் தங்குவது அந்தக் கோட்டில்தான். இன்னொன்று, இன்றைய பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். பழைய காலத்து ரப்பருக்கு அது ஆகாது. அதனால் பெட்ரோல் குழாய்கள், பம்பின் டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றினோம். பழைய வண்டியை எடுத்தவர்கள் முதல் மாதமே இதைச் செய்வது உத்தமம்.

2024 பிப்ரவரியில், தை வெள்ளிக்கிழமை ஒன்றில் ஸ்டார்ட் செய்தோம். முதலில் ப்ளக் இல்லாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி, எண்ணெய் விளக்கு அணைந்த பிறகு ப்ளக்குகளை மாட்டி, ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று வயர்களைச் சரிபார்த்தேன். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. காம்பவுண்டு முழுக்க வெள்ளைப் புகை. எங்கள் செக்ரெடரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மிஸ்திரி ஒன்றும் பேசாமல் ஏர் கிளீனர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மாவை நாற்காலியோடு கீழே இறக்கிக் கொண்டுவந்தோம். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டாள். "அப்பா வண்டி இப்படிக் கீச்சுனு கத்தாதே" என்றாள். மிஸ்திரிக்குத் தமிழ் தெரியாது, நான் மொழிபெயர்த்தேன். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒவ்வோரிடமாக வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டிக் கேட்டார். கடையில் புதிதாக வாங்கிய வாட்டர் பம்பின் பேரிங்! அதை மாற்றிய பிறகு அம்மா மறுபடி கேட்டுவிட்டு, "ம்ம்" என்றாள்.

மார்ச் 24-ஆம் தேதி வண்டி தன் சொந்தக் காலில் கேட்டைத் தாண்டியது. முன்ஸீட்டில் அம்மா. மாதுங்கா ஆஸ்திக ஸமாஜம் போய்த் தரிசனம் முடித்துத் திரும்பினோம். நான் 40-க்கு மேல் போகவில்லை. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்கள். மொத்தச் செலவு 94,000 ரூபாய், எஞ்சினுக்கு மட்டும். கணக்கை அப்பாவின் டயரியில் மிச்சமிருந்த பக்கங்களில்தான் எழுதிவைத்திருக்கிறேன். தம்பி போன மாதம் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் பக்கத்துக் கியரை மூன்றாவதுக்குப் போடத் தெரியாமல் தெருமுனையில் நின்றான். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் பின்பக்கம் சொட்டு எண்ணெய் ஒழுகுகிறது. பிரேக் வேலை பாக்கி இருக்கிறது. மிஸ்திரி ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். கார்களை ரிப்பேர் செய்யும் இளைஞர்கள் யாராவது நம் குடும்பங்களில் இருந்தால், அவர் சொல்லிக்கொடுக்கத் தயார், சம்பளம் வேண்டாம் என்கிறார். ஹிந்தி தெரிந்தால் போதும். வண்டியை வாசலில்தான் நிறுத்தியிருக்கிறேன். காபி குடித்துவிட்டு வாருங்கள், பானெட்டைத் திறந்து காட்டுகிறேன். வெள்ளை வேஷ்டிக்காரர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கவும்.