நாற்பதா, நூறா? பார்த்து ஊசி போடுங்கள்



நம்மில் பலர் வீட்டில் சர்க்கரை வியாதி இருக்கிறது. சிலருக்கு மாத்திரை போதும். சிலருக்கு டாக்டர் இன்சுலின் ஊசி எழுதித் தருகிறார். உடனே, "ஊசி வந்துவிட்டது, இனி அவ்வளவுதான்" என்று பயப்படுகிறோம். அப்படி இல்லை. நம் வயிற்றில் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதில் இன்சுலின் சுரக்கிறது. அது போதாதபோது வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். 1922 ஜனவரியில் கனடா நாட்டின் டொரன்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இந்த மருந்தைப் போட்டார்கள். சாகக் கிடந்த பையன் அவன். அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

கலவை இன்சுலின் குப்பியில் 30/70 என்று போட்டிருக்கும். 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும். 70 பங்கு மெதுவாக, நெடுநேரம் வேலை செய்யும். 50/50 என்றும் ஒன்று உண்டு. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குப்பியில் இன்னோர் எண்ணும் இருக்கும். 40 அல்லது 100. ஒரு மில்லி மருந்தில் எத்தனை யூனிட் இருக்கிறது என்பதே அந்த எண். சிரிஞ்சிலும் அதே எண் இருக்க வேண்டும். 40 குப்பிக்கு 40 சிரிஞ்சு. 100 குப்பிக்கு 100 சிரிஞ்சு.

மாறினால் என்ன? டாக்டர் 20 யூனிட் சொல்லியிருக்கிறார் என்று வையுங்கள். 100 குப்பி மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட்! இரண்டரை மடங்கு. உயிருக்கே ஆபத்து. 40 மருந்தை 100 சிரிஞ்சில் எடுத்தாலோ, 8 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்காது.

40 சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100-க்கு ஆரஞ்சு. இரண்டு நிறமும் மங்கலான வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும். எண்ணைப் படியுங்கள். முனிர்கா மருந்துக் கடையில் இந்தியில் கேட்க வேண்டுமே! 40-க்கு 'சாலீஸ்'. 100-க்கு 'சௌ'. குப்பியையே கையில் கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது.

கலவை மருந்தில் அடியில் வெள்ளையாகப் படியும். குலுக்காதீர்கள். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டுங்கள். பால்போல் ஒரே சீராக வரும். கட்டி கட்டியாக நின்றால் அந்தக் குப்பி வேண்டாம். வயிற்றில் தொப்புளை விட்டுத் தள்ளிப் போடுங்கள், அல்லது தொடையில். ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்துப்போகும். மருந்தும் சரியாகச் சேராது.

பழைய வகைக் கலவையை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும். புதிய வகை சிலவற்றைச் சாப்பிட உட்காரும்போது போடலாம். உங்களுடையது எது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஊசி போட்டபின் சாப்பிடாமல் இருக்கவே கூடாது. கந்த சஷ்டிக்கு மலை மந்திர் போகிறோம், விரதம் இருக்கிறோம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். முதலில் டாக்டரைக் கேளுங்கள். காய்ச்சல் வந்தாலும் ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி. இவை சர்க்கரை இறங்கியதன் அடையாளம். "சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையா?" என்று வீட்டார் தயங்குவார்கள். தயங்கவே கூடாது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் இட்லியோ ரொட்டியோ சாப்பிடட்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறிவிடும். சப்தர்ஜங் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

தில்லி வெயிலில் மருந்து கெட்டுவிடும். ஃபிரிஜ் இருந்தால் கதவுப் பக்கம் வையுங்கள். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. உறைந்த மருந்து பயன்படாது. ஃபிரிஜ் இல்லாதவர்கள் ஒரு மண்பானையில் ஈரமணல் போடுங்கள். அதற்குள் சின்னச் சட்டி வைத்து, குப்பியைப் பாலிதீன் பையில் சுற்றி வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். திறந்த குப்பியில் தேதி எழுதி ஒட்டுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறோம். இரண்டு இரவு, ஒரு பகல். மருந்தைப் பெட்டியில் பூட்டி இருக்கைக்கு அடியில் தள்ளாதீர்கள். கைப்பையில் வையுங்கள். கூடவே சிரிஞ்சும், கொஞ்சம் சர்க்கரையும். ஊரில் சிரிஞ்சு வாங்கினால் அங்கேயும் எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.