எண்ணெயும் உடம்பின் காவலும்



மழையில் கிடந்த இரும்பு துருப்பிடிக்கிறது. நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுத்துப் போகிறது. நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை வருகிறது. மூன்றிலும் காற்றில் உள்ள ஆக்சிஜனின் வேலை இருக்கிறது.

நம் உடம்புக்குள்ளும் இது போல நடக்கிறது. மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைக் கொண்டுதான் உடம்பு உணவிலிருந்து சக்தி எடுக்கிறது. அடுப்பு எரியும்போது பொறி பறக்கும் அல்லவா? அதுபோல அப்போது சில தீய பொருள்கள் உண்டாகின்றன. பீடி, சிகரெட் புகை இவற்றை அதிகமாக்கும். இவை மிகுந்தால் ரத்தத்தில் ஓடும் கொழுப்பு கெடும். கெட்ட கொழுப்பு ரத்தக் குழாயில் படியும். மாரடைப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

பொறியை அணைக்க உடம்பிலேயே காவல் உண்டு. உணவில் உள்ள சில சத்துகள் அந்தக் காவலுக்குத் துணை செய்கின்றன. இவற்றை ஆன்டிஆக்சிடன்ட் என்பார்கள்.

ஆலிவ் எண்ணெயில் இவை உண்டு. இதை ஜைத்தூன் எண்ணெய் என்றும் சொல்வார்கள். ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் நாடுகளில் இது அன்றாடச் சமையல் எண்ணெய். ஆலிவ் பழத்தை அரைத்துப் பிழிந்த புது எண்ணெய் சற்றுக் கசக்கும், தொண்டையில் காரும். அதற்குக் காரணம் பாலிபீனால் என்னும் பொருள்கள். அவை ரத்தக் கொழுப்பு கெடாமல் காக்க உதவும். 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சீசாவில் எழுத அனுமதித்தது. ஆனால் 20 கிராம் எண்ணெயில் இந்த வகைப் பொருள் 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்று விதித்தது.

எனவே சீசாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ என்றால் பிழிந்தெடுத்த எண்ணெய். ‘பொமேஸ்’ என்றால் சக்கையிலிருந்து ரசாயனம் சேர்த்து எடுத்துச் சுத்திகரித்தது. அதில் இந்தக் காவல் பொருள்கள் மிகக் குறைவு.

ஆலிவ் எண்ணெய் விலை அதிகம். வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நல்லெண்ணெயிலும் சீசமின், சீசமால் என்னும் காவல் பொருள்கள் உள்ளன. அதனால்தான் அது எளிதில் சிக்குப் பிடிப்பதில்லை. கீரை, காய், நெல்லிக்காய், கொய்யா ஆகியவையும் துணை செய்யும்.

எந்த எண்ணெயானாலும் மூடி, வெயில் படாமல் வையுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். அளவோடு ஊற்றுங்கள்.

எண்ணெய் உணவுதான், மருந்து அல்ல. நெஞ்சு நோய்க்கு, ரத்தக் கொதிப்புக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை எந்த எண்ணெயை நம்பியும் நிறுத்தாதீர்கள்.