பிள்ளையைப் பட்டணத்துக் கல்லூரிக்கு அனுப்பும் முன்
(ஏற்காடு ஒண்டிக்கடையில் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றதும், "கருத்தடை, தடுப்பூசி பத்தித்தான் பேசுவாங்க" என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவையெல்லாம் மிகவும் தேவையானவையே. ஆனால் அளவோடு பெற்ற பிள்ளைகளைப் பத்திரமாக ஆளாக்கி விடுவதும் குடும்ப நலம்தான். ஆகவே 12-ஆம் வகுப்பு முடித்த பிள்ளையை மலைக்குக் கீழே கல்லூரிக்கு அனுப்புவதைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நாகலூர், செம்மநத்தம், கொட்டச்சேடு, வாழவந்தி என்று எந்த ஊரை எடுத்துக் கொண்டாலும், முன்பெல்லாம் பள்ளிக்கூடம் முடிந்தால் காப்பித் தோட்ட வேலை, இல்லாவிட்டால் கலியாணம். இப்போது அப்படி இல்லை. கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. செர்ரி ரோட்டில் அரசு கலைக் கல்லூரி, கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி, 1997-ல் ஏற்பட்ட பெரியார் பல்கலைக் கழகம். நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். பெருமையான விஷயம். ஆனால் அந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் ராத்திரி படுத்துக் கொண்டு என்ன பேசுகிறார்கள்?

"ஏனுங்க, பொம்பளப் புள்ளய அங்க தனியா விட்டுட்டு இங்க எப்படித் தூங்கறது?"

"அதான் எனக்கும் ரோசனை. பேசாம ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா நம்ம பொறுப்பு தீர்ந்துடும்."

இந்தப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது. பட்டணத்துக்குப் பயந்து 17 வயதுப் பெண்ணுக்குக் கலியாணம் செய்கிறோம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறையாமல் செய்வது குழந்தைத் திருமணம். செய்து வைத்தவர்களுக்குத் தண்டனை உண்டு. சட்டம் கிடக்கட்டும், உடம்பைப் பாருங்கள். வளர்ந்து முடியாத உடம்பில் கர்ப்பம் தரித்தால் இரத்தச் சோகை, இரத்தக் கொதிப்பு, எடை குறைந்த குழந்தை என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். பட்டணத்துத் தெருவில் வரக்கூடும் என்று பயந்த ஆபத்தைத் தவிர்க்கப் போய், பிரசவ அறையில் நிச்சயமான ஆபத்தில் பெண்ணைத் தள்ளுகிறோம்.

பயப்படுவது தப்பில்லை. பெற்ற வயிறு பயப்படத்தான் செய்யும். அந்தப் பயத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்காமல், கணவனும் மனைவியுமாகக் கிளம்பிப் போய், பிள்ளை தங்கப் போகிற இடத்தைக் கண்ணால் பார்த்து வாருங்கள். இதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது. ஒரு நாள் கூலி போகும், போகட்டும். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமலா வாங்குகிறோம்?

எங்கே தங்க வைப்பது? முதலில் அரசு விடுதியைக் கேளுங்கள். பழங்குடியினர், ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் பிள்ளைகளுக்கென்று உள்ள விடுதிகளுக்கு 2025-ல் சமூகநீதி விடுதி என்று அரசு பெயர் சூட்டியது. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். இடம் குறைவாக இருக்கும். ஆகையால் கல்லூரியில் சேர்க்கை கிடைத்த அன்றே சாதிச் சான்று, வருமானச் சான்றோடு விண்ணப்பம் போட்டு விடுங்கள்.

அரசு விடுதியில் இடம் கிடைக்கவில்லை, தனியார் விடுதிதான் என்றால், 2014-ல் தமிழ்நாட்டில் வந்த ஒரு சட்டத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். பெண்களும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் தங்கும் விடுதி எதுவாக இருந்தாலும் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். "லைசென்ஸைக் காட்டுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டதும் முகம் சுளித்தால், "அட, அதெல்லாம் இருக்குதுங்க" என்று மழுப்பினால், முன்பணம் கொடுக்காமல் திரும்பி விடுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

சொந்தக்காரர் வீட்டில் விட்டால் கவலை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கேயும் கண் வேண்டும். படிக்கப் போன பெண் பாத்திரம் தேய்க்கவும் குழந்தை தூக்கவும் ஆகிவிடக் கூடாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்த வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றவாளி அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு வருஷா வருஷம் காட்டுகிறது. மாமன் வீடு, சித்தப்பன் வீடு என்றாலும், தாழ்ப்பாள் போட்டுத் தூங்க ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

"வேண்டாமுங்க, தினமும் வீட்டிலிருந்தே போய் வரட்டும்" என்பாரும் உண்டு. சேலத்துக்கு 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. ஒண்டிக்கடையைச் சுற்றி உள்ளவர்களுக்கு அது முடியலாம். உள் கிராமத்துப் பிள்ளை விடியற்காலை இருட்டில் நடந்து வந்து, ராத்திரி இருட்டில் நடந்து திரும்ப வேண்டும். மழைக் காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே! அப்படிப்பட்ட நாளில், அல்லது கடைசி பஸ்ஸைத் தவற விட்ட நாளில், பிள்ளை யார் வீட்டில் தங்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அந்த வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

இனி, இடம் பார்க்கும் முறை. பகல் 11 மணிக்குப் போனால் எல்லாத் தெருவும் நல்ல தெருவாகத்தான் தெரியும். சாயங்காலம் 6 மணிக்கு மேல் பாருங்கள். கல்லூரி வாசலிலிருந்தும் பஸ் நிறுத்தத்திலிருந்தும் விடுதி வரைக்கும், பிள்ளையையும் கூட்டிக் கொண்டு நடந்தே போங்கள். தெரு விளக்கு எரிகிறதா? வழியில் கடை திறந்திருக்கிறதா, ஆள் நடமாட்டம் உண்டா? மதுக்கடை, பாழடைந்த கட்டடம், புதர் மண்டிய காலி மனை குறுக்கே வருகிறதா? வந்தால் சுற்று வழி ஒன்றைக் காட்டிக் கொடுங்கள். பத்து நிமிஷம் கூடினாலும் வெளிச்சமான வழியே நல்ல வழி.

பிறகு அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். விடுதிக்காரர் நல்லதைத்தான் சொல்லுவார். எதிரே துணி தேய்ப்பவர், டீக்கடைக்காரர், பக்கத்து வீட்டு அம்மா, இவர்களுக்குத்தான் தெருவின் சங்கதி தெரியும். "அக்கா, எம்பொண்ணு இங்கதான் தங்கப் போவுது, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த தடவை கால் கிலோ மிளகோ, கொஞ்சம் காப்பித் தூளோ கொண்டு போய்க் கொடுங்கள். நம் ஊரில் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும். பட்டணத்தில் அப்படித் தெரிந்தவர் இரண்டு பேரையாவது நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

உள்ளே போனதும் அறைக் கதவையும் குளியலறைக் கதவையும் நீங்களே சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். கக்கூஸ் சுத்தமாக இல்லாவிட்டால், பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் நோயைத் தேடிக் கொள்வார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? டெங்குக் கொசு பகலில் கடிப்பது; மூடாத நல்ல தண்ணீரில் வளர்வது. மலைக் குளிரில் வளர்ந்த பிள்ளை சேலத்து வெயிலுக்குப் போகிறது. தண்ணீர் அதிகம் குடிக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் காய்ச்சல் நின்றாலும் நிற்காவிட்டாலும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக் கொள்ளாமல், அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

ராத்திரியில் வாசல் இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பூட்டு இருந்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். தீப்பிடித்தால்? 2024 செப்டம்பரில் மதுரைக் கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில், விடியற்காலையில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பற்றிய தீயிலும் புகையிலும் பெண்கள் உயிரிழந்தார்கள். ஆகவே வெளியேற இரண்டாவது வழி உண்டா, மாடிப்படியில் சாமான் அடைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்காமல் வராதீர்கள்.

பையன்தானே, அவனுக்கு என்ன என்று விட்டுவிடக் கூடாது. 1996-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பொன் நாவரசு என்ற முதலாண்டு மருத்துவ மாணவர், ராகிங் செய்த மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தையார் அப்போது சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர். பெரிய பதவியில் இருந்த தகப்பனாராலும் தூரத்து விடுதியில் நடப்பதைத் தடுக்க முடியவில்லை. அதன் பின் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்து சட்டம் வந்தது. இன்று ராகிங் குற்றம். ஆனால் பிள்ளை வாயைத் திறந்து சொன்னால்தானே சட்டம் வேலை செய்யும்?

தாய்மார்களே, பெரியோர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். அனுப்பும்போது நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? "ஏதாச்சும் கெட்ட பேரு வந்துச்சு, படிப்பை நிறுத்திப் போடுவேன்!" இதைக் கேட்ட பிள்ளை, பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்தாலும் சொல்லாது. செல்போனில் படத்தை வைத்து எவனாவது மிரட்டினாலும் சொல்லாது. சொன்னால் படிப்புப் போய்விடுமே! மிரட்டுகிறவனுக்கும் அது தெரியும். ஆகவே அப்பா சொல்ல வேண்டியது இதுதான்: "கண்ணு, என்ன நடந்தாலும் முதல்ல எங்ககிட்ட சொல்லு. உன்னைத் திட்ட மாட்டோம், படிப்பையும் நிறுத்த மாட்டோம்." அம்மா சொன்னால் மட்டும் போதாது. அப்பா வாயால் வர வேண்டும். சொன்ன பிறகு அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாள், நேரம் வைத்துப் பேசுங்கள். "சாப்பிட்டியா" என்பதோடு நிறுத்தாமல், "அறையில கூட இருக்கிறது யாரு, இன்னிக்கு எந்த வழியா வந்தே" என்று கேளுங்கள். மாதம் ஒரு முறை சொல்லாமல் போய்ப் பாருங்கள். குரல் மாறினால், சாப்பாடு குறைந்தால், ஊருக்கு வந்த பிள்ளை திரும்பிப் போக மறுத்தால், அதட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

செலவுக்கும் வழி உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வியில் சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்குங்கள்.

கடைசியாக, இந்த எண்களைப் பிள்ளையின் செல்போனில் மட்டுமில்லாமல் நோட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் எழுதிக் கொடுங்கள்:

அவசர உதவி, காவல் – 112
பெண்களுக்கு உதவி – 181
18 வயதுக்குட்பட்டவர்களுக்கு – 1098
செல்போன், இணைய மோசடி – 1930
மனக் கலக்கத்துக்கு – 14416
ராகிங் புகாருக்கு – 1800-180-5522

உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம், போகுமுன் பிள்ளைக்கு இரத்தச் சோகை இருக்கிறதா என்று பார்த்து, இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுங்கள். காப்பிச் செடி நட்டால் நிழல் மரத்தையும் சேர்த்துத்தானே வளர்க்கிறோம். பட்டணத்துக்குப் போகிற பிள்ளைக்கும் அந்த நிழலை நீங்கள் இருவரும் சேர்ந்து அமைத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரமே ஒரு நாள் ஒதுக்கி, இரண்டு பேரும் சேலத்துக்குப் போய் இடத்தைப் பார்த்து வாருங்கள்.